ஏதென்ஸ் கரை ஒதுங்கிய ஊர்

வெண்கழிக் கடற்கரையில் அதற்கு முன்பும் பல சாமான்கள் கரை ஒதுங்கியிருக்கின்றன. ஒரு தடவை திமிங்கிலம் ஒதுங்கியது, ஒரு தடவை பர்மாத் தேக்கு ஒதுங்கியது, யுத்த காலத்தில் யாருடையது என்றே தெரியாத ஒரு பியானோப் பெட்டி ஒதுங்கி, அதைப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய் உப்புக் காற்றில் அது ஊமையாகும்வரை வாசித்துத் தீர்த்தார்கள். ஆகவே, அந்த ஐப்பசிப் புயல் அடித்து ஓய்ந்த காலையில் கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடக்க, சேற்றுத் தரையில், நடுவே ஒரு பாறைக் குன்றும் குன்றின் மேல் வெள்ளைத் தூண் வைத்த கோயிலும் சுற்றிலும் சந்தையும் சந்துகளும் ஒலிவ மரங்களும் குயவர் தெருவுமாக ஏதென்ஸ் நகரம் ஒதுங்கியிருந்ததைப் பார்த்தபோது வெண்கழிக்காரர்கள் வாயைப் பிளக்கவில்லை. "இது கொஞ்சம் பெரிசுதான்" என்று மட்டும் சொன்னார்கள். இப்போது இருக்கிற ஏதென்ஸ் இல்லை அது, ராஜா என்று ஒருத்தரை வைத்துக்கொள்ளாமல் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டிருந்தார்களே, அந்தப் பழைய காலத்து ஏதென்ஸ் என்று பள்ளிக்கூடத்துச் சரித்திர வாத்தியார் அடையாளம் சொன்னார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் தன் வேலையைப் பார்க்கப் போயிற்று.

அஞ்சுகம் அதைப் புருஷனோடு போய்ப் பார்த்தாள். அவள் புருஷன் வெண்கழியில் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, சாவு, எல்லாக் கட்சிக் கூட்டம், மாதா கோயில் தேர், மாரியம்மன் தீமிதி எதுவானாலும் அவருடைய ஒலிபெருக்கிக் குழாய் கட்டாமல் நடக்காது. அவர் பெயரை அஞ்சுகம் சொல்ல மாட்டாள், நாம் சொல்லலாம்: தில்லைநாயகம். அந்த மனிதருக்குக் கோபம் என்ற ஒன்றே கிடையாது. வாடகைக்கு எடுத்த குழாயை நசுக்கிக் கொண்டுவந்து கொடுத்தாலும் "பரவாயில்லப்பா" என்பார், இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நாளில் கூட்டம் போட்டு இரண்டு பேரும் அவரைத் திட்டினாலும் "பரவாயில்லப்பா" என்பார். அப்படி ஒரு புருஷனோடு குடித்தனம் நடத்துவது சுகம் என்று ஊர்ப் பெண்கள் அஞ்சுகத்திடம் சொல்வார்கள். சண்டை போட ஆள் இல்லாத வீட்டில், பிள்ளையும் இல்லாத வீட்டில் இருந்து பார்த்தால்தான் அந்தச் சுகம் தெரியும் என்று அவள் மனதுக்குள் நினைத்துக்கொள்வாள்.

அன்றைக்குக் குன்றின் சரிவில் யவனர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். கடல் விலகியதையோ தாங்கள் வேறெங்கோ வந்துவிட்டதையோ அவர்கள் இன்னும் கவனிக்கவில்லை. தில்லைநாயகம் காதருகில் கையைக் குவித்துக் கேட்டார். "இத்தினி கூட்டத்துக்கு மைக் இல்லாமப் பேசுறாங்களே, தொண்டை என்னாத்துக்கு ஆவும்?" என்று வருத்தப்பட்டு, அன்று மத்தியானமே மாட்டு வண்டியில் பேட்டரியும் குழாயும் ஏற்றிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மைக்கை அனுமதிக்கலாமா கூடாதா என்று யவனர்கள் பல நாள் விவாதித்தார்கள். பலமான குரல் உள்ளவனுக்குக் கடவுள் கொடுத்த சலுகையை ஒரு தகரக் குழாய் பறிக்கலாமா என்று ஒரு கட்சி, மெலிந்த குரல்காரனும் குடிமகன்தானே என்று இன்னொரு கட்சி. கடைசியில் மெலிந்த குரல்காரர்கள் ஜெயித்தார்கள். முதலில் மைக்கைப் பிடித்த கிழவர் இருட்டும்வரை அதைத் திருப்பித் தரவில்லை.

அப்புறம் அவர்கள் நம்மவர்களாகிவிட்டார்கள். எப்படித் தமிழ் கற்றார்கள் என்று கேட்பதற்கே இடமில்லை, சந்தையில் வெங்காயத்துக்கும் கருவாட்டுக்கும் அவ்வளவு நேரம் வாதாடுகிறவனுக்குப் பாஷை தானாக வரும். தாசில்தார் வந்து பார்த்துவிட்டு அவர்களைப் புது வார்டாகச் சேர்த்துக்கொண்டு போனார். ஆந்தையோடும் ஈட்டியோடும் நிற்கிற அவர்களுடைய அம்மனுக்கு நம் பெண்கள் ஆடிச் செவ்வாயில் கூழ் ஊற்றினார்கள், அவள் குடித்த மாதிரிதான் இருந்தது என்றார்கள். ஒலிவ எண்ணெயைத் தலைக்குத் தேய்த்துப் பார்த்தார்கள், குழம்பில் விட்டுப் பார்த்தார்கள், இரண்டுக்கும் சரிப்படாமல் விளக்குக்கு வைத்துக்கொண்டார்கள். குன்றடியில் பகல் முழுக்க முகமூடி போட்டு நடத்துகிற நாடகத்தில் ராஜாக்கள் தெரியாமல் செய்த தப்புக்குக் கண்ணைக் குத்திக்கொண்டு அழும்போது, கருவாட்டுக் கூடையை இடுப்பில் வைத்தபடியே வெண்கழிப் பெண்களும் நின்று அழுதார்கள்.

அவர்களோடு அடிமைகளும் வந்திருந்தார்கள். அதைப் பற்றி வெண்கழியில் யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. உப்பளத்தில் ஆள் தேவைப்பட்டது, கூலி உண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு அவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராகச் சேற்றைத் தாண்டி வந்து உப்பளத்தில் சேர்ந்து, உப்புத் தொழிலாளர் சங்கத்திலும் சேர்ந்துவிட்டார்கள். சுதந்திரத்தைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசத் தெரிந்த யவன ஆண்கள் அதைக் குறித்துக் காரசாரமாக விவாதித்துவிட்டு, பிறகு தாங்களே குடம் எடுத்துத் தண்ணீர் சுமக்கக் கற்றுக்கொண்டார்கள். பிலோன் என்ற குயவர் மட்டும் வெட்கப்படாமல் முதல் நாளே குடத்தைத் தூக்கியவர். அவர் தில்லைநாயகத்துக்குச் சிநேகமாகி, தினமும் கடையில் வந்து உட்கார்ந்து ரேடியோ கேட்பார்.

"உங்க கூட்டத்துல பொம்பளைங்களையே காணுமே?" என்று அஞ்சுகம் ஒருநாள் அவரிடம் கேட்டாள்.

"வீட்ல இருக்காங்க தங்கச்சி."

"ஏன், கால் இல்லையா?"

அடுத்த கூட்டத்துக்கு வெண்கழிப் பெண்கள் பத்துப் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்ததையும், அதற்கடுத்த கூட்டத்துக்கு யவனப் பெண்கள் முக்காட்டைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்ததையும் பார்த்தவர்கள், அந்த நாள் போல இன்னொரு நாள் வராது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கூட்டம் தொடங்கும்போது கட்டியக்காரர் எழுந்து, "பேச விரும்புகிறவர் யார்?" என்று கேட்பார். யார் வேண்டுமானாலும் எழுந்திருக்கலாம். மீன் விற்கிறவளும் எழுந்திருக்கலாம், சேர்மனும் எழுந்திருக்கலாம். அப்படி ஒரு கேள்வியை வெண்கழியில் அதுவரை யாரும் யாரையும் பார்த்துக் கேட்டதில்லை. கேட்டுப் பழகியபின் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட யாராவது ஒருவர் பெண்ணைப் பார்த்து அதைக் கேட்டார்கள்.

ஆனாலும் ஊருக்கு ஒரு நோய் இருந்தது. சேர்மன் தணிகாசலமும் அவருடைய மைத்துனர் உலகநாதனும் எதிரெதிர்க் கட்சி. இவர் உப்பளத்துக்கு ரோடு போட்டால் அவர் ஸ்டே வாங்குவார், அவர் தெருவிளக்குக் கொண்டுவந்தால் இவர் கம்பத்தைப் பிடுங்குவார். ரோடும் இல்லை, விளக்கும் இல்லை. இந்தச் சண்டையில் ஊர் நொந்துபோயிருந்தபோதுதான் பிலோன் சொன்னார்: "எங்க ஊர்ல இதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு."

வருஷத்துக்கு ஒருமுறை உடைந்த பானை ஓட்டில் ஆணியால் ஒரு பெயரைக் கீறிப் போட வேண்டும். யார் பெயர் அதிகமோ அவர் பத்து வருஷம் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"தள்ளிவைக்கிறதா?" என்று அஞ்சுகம் முகத்தைச் சுளித்தாள். வெண்கழியில் அந்த வார்த்தைக்கு நல்ல ஞாபகங்கள் இல்லை. தண்ணீர் கொடுக்காதே, நெருப்புக் கொடுக்காதே, பிணத்துக்குத் தோள் கொடுக்காதே என்று சில தெருக்களைச் சில தெருக்கள் செய்தது அது.

"ஐயோ, அது இல்ல. வீடு அவருது, நிலம் அவருது, ஒரு துரும்பை யாரும் தொடக் கூடாது. அவமானம் கிடையாது. பெரிய ஆளைத்தான் அனுப்புவோம். சின்ன ஆளை அனுப்ப எதுக்கு இத்தினி பானையை உடைக்கணும்?"

ஊருக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு பேரில் ஒருத்தர் போனால் ரோடு வரும். தணிகாசலமும் சம்மதித்தார், உலகநாதன் போவார் என்று நம்பி. உலகநாதனும் சம்மதித்தார், காரணம் சொல்ல வேண்டியதில்லை. யவனரும் நம்மவரும் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து போடுவது என்றும், எழுதிய பெயரைப் பிற்பாடு யாரும் மாற்றக் கூடாது என்றும் கூட்டத்தில் கையைத் தூக்கி முடிவு செய்தார்கள்.

அந்த நாளில் என்ன நடந்தது என்றால், வெண்கழிக்காரர்கள் வெண்கழிக்காரர்களாகவே நடந்துகொண்டார்கள். ஆணியையும் ஓட்டாஞ்சில்லையும் கையில் வாங்கியதும் டீக்கடைக்காரருக்குத் தணிகாசலத்தின் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் என்று நினைவு வந்தது. தாய் இல்லாத பெண், அப்பனையும் அனுப்பிவிட்டால் பாவம் என்று தோன்றியது. ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கு உலகநாதனின் சர்க்கரை வியாதி நினைவு வந்தது. இன்னொருவருக்கு இரண்டு பேருமே சொந்தம். இன்னொருவருக்குத் தன் கையெழுத்தை யாராவது கண்டுபிடித்துவிட்டால் என்ற பயம். ஆனால் வெறும் ஓட்டைப் போடக் கூடாதே, ஒரு பெயர் எழுத வேண்டுமே. யார் பெயரை எழுதினால் மனஸ்தாபம் வராது, தெரியவந்தாலும் யார் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்தார்கள். என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்தார்கள். யவனர்கள்கூட அதற்குள் வெண்கழியின் சங்கோஜத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சுகம் தணிகாசலத்தின் பெயரை எழுதத்தான் போனாள். ஆனால் ஆணியைப் பிடித்ததும் கை நின்றது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் புருஷன் பெயரைச் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை. ரேஷன் கார்டில் யாரோ எழுதினார்கள், கோயில் அர்ச்சனைக்குப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். யாரும் பார்க்காமல், வாயைத் திறக்காமல், அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை தன் கையால் எழுதிப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. எழுதினாள். மொட்டையாக எழுத மனம் வராமல் பின்னால் "அவர்கள்" என்று சேர்த்தாள். எழுதி முடித்ததும் சின்னப் பெண் மாதிரி அவளுக்கு வெட்கம் வந்தது. ஓட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தாள்.

பெயர்களை வாசித்தவர் தில்லைநாயகம். மைக் அவருடையது, குரலும் நல்ல குரல், எப்போதும் அறிவிப்புச் சொல்கிறவர் அவர்தானே. குவிந்து கிடந்த ஓடுகளிலிருந்து முதல் ஓட்டை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "தில்லைநாயகம்" என்று வாசித்தார். கூட்டமும் சிரித்தது. இரண்டாவதை எடுத்தார். "தில்லைநாயகம்." யாரப்பா விளையாடுவது என்று யாரோ கத்தினார்கள். அடுத்ததும் தில்லைநாயகம். அதற்கடுத்தது மைக் செட் அண்ணன். பிறகு நம்ம தில்லை. பிறகு மறுபடியும் தில்லைநாயகம், தில்லைநாயகம், தில்லைநாயகம் என்று அவர் பெயரை அவரே வாசிக்க, அவருடைய குழாய்கள் அதைக் குன்றுக்கும் உப்பளத்துக்கும் ஊருக்கும் சொல்லிக்கொண்டே போக, சிரிப்பு எப்போதோ அடங்கி, ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்த்து, அடப்பாவி நீயுமா என்று கேட்க வாயில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலத்துக்கு ஒரு ஓடு விழுந்திருந்தது, உலகநாதனுக்கு ஒரு ஓடு. அவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் எழுதியிருந்தார்கள்.

தில்லைநாயகம் நிறுத்தவில்லை. குரலும் மாறவில்லை. சாயங்கால வெயிலில் ஓர் ஓட்டை எடுத்தவர் அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு வாசித்தார்: "தில்லைநாயகம் அவர்கள்."

கூட்டத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அஞ்சுகம் முன்னால் இருந்தவள் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். அவர் அந்த ஓட்டைத் தனியாக வைக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. மற்றதோடு போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார்.

மறுபடி போடலாம் என்று ஊர் கெஞ்சியது. சட்டம் நீங்களும் கைதூக்கிப் போட்டது என்று யவனர்கள் சொன்னார்கள். பிலோன் அழுதுகொண்டே அதையே சொன்னார். ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கடைக்கு வந்து, "அண்ணே, சும்மாதான் எழுதுனேன், நீங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டீங்கன்னு..." என்று இழுத்தார்கள். அவர் "பரவாயில்லப்பா, ஊர் சொன்னா சரிதான்" என்று ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கிளம்புவதற்கு இருந்த கெடுவில் அவர் அஞ்சுகத்துக்கு மைக் செட்டைக் காட்டிக் கொடுத்தார்.

"மைக்கை ஊதிப் பாக்காத, தட்டிப் பாரு. குழாயைக் கடலைப் பாக்கக் கட்டாத, உப்பு தின்னுடும்."

"ஏங்க, அன்னிக்கு நானும்..."

"அந்தப் பச்சை ஒயரை எடு."

"நானும் உங்ககூட வர்றேன்."

"கடையை யாரு பாக்குறது? பொருளெல்லாம் இருக்குற எடத்துல இருக்கணும்னுதான சட்டம்."

நான் பொருளா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்க யோக்கியதை இல்லை என்று நினைத்துப் பச்சை ஒயரை எடுத்து நீட்டினாள். மொத்த ஊரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழுதது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாருக்கும் கையைக் காட்டினார். அஞ்சுகத்தைப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. வடக்கே ஊர் ஊராகப் போகிற ஒரு சர்க்கஸ் கம்பெனியில் மைக் செட் ஆளாகச் சேர்ந்துவிட்டார் என்று பிற்பாடு சேதி வந்தது.

அந்தப் பத்து வருஷமும் அஞ்சுகத்துக்கு ஒரே கேள்விதான். அவருக்குத் தன் மேல் கோபமா? கோபப்பட்டு ஒருநாளும் பார்த்திராத முகம் ஆனதால், கோபமாக இருந்தால் அது எப்படி இருக்கும் என்றுகூட அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஏணி ஏறிக் குழாய் கட்டினாள், பேட்டரி சுமந்தாள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனாள். ஊர்க்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மீனும் முருங்கைக்காயும் கொண்டுவந்து வைத்து, "அக்கா, நானும் எழுதிட்டேன்" என்று கண்ணைக் கசக்கினார்கள். அவள் "பரவாயில்ல" என்று சொன்னாள். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவருக்கு எவ்வளவு கனத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தது. யாராவது தன்னைப் பிடித்து நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது. ஆனால் ஊரே செய்த தப்பை வைத்துக்கொண்டு யாரை யார் திட்டுவது?

தணிகாசலமும் உலகநாதனும் வெட்கப்பட்டுச் சண்டையை விட்டார்கள். ரோடு வந்தது, விளக்கு வந்தது. அந்த விளக்கு வெளிச்சத்தில் நடக்கிறபோதெல்லாம் யாரும் யாரோடும் பேசவில்லை.

அவருடைய கெடு முடிவதற்கு முன்பே ஒரு மாசி மாதத்துப் பௌர்ணமி அலையில், வந்தது போலவே, ஏதென்ஸ் போயிற்று. அன்றைக்கும் கூட்டம் நடந்துகொண்டிருந்தது, அஞ்சுகம்தான் காலையில் போய்க் குழாய் கட்டிவிட்டு வந்திருந்தாள். மத்தியானம் கடல் திரும்பி வந்து சேற்றை நிறைத்து, நகரத்தைப் பரிசலைத் தூக்குகிற மாதிரி மெதுவாகத் தூக்கியது. எங்களைக் கேட்காமல் கடல் இதைச் செய்யலாமா என்று ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தது கரையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. பிலோன் குயவர் தெரு முனையில் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். ஒலிவ மரங்கள் போயின, சந்தை போயிற்று, வெள்ளைத் தூண்கள் வெகுநேரம் தெரிந்து பிறகு அவையும் போயின. ஆனால் அஞ்சுகத்தின் குழாய் குன்றிலேயே இருந்ததால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத பிறகும் தண்ணீருக்கு மேலே குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "பேச விரும்புகிறவர் யார்?" என்று கேட்டது. சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டது. பேட்டரி தீரும்வரை வெண்கழி கரையிலேயே நின்றது. அவர்களுடைய நாடகம் முடிந்ததும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போவோமே, அப்படிப் போனோம் என்று அன்றைக்கு நின்றவர்கள் சொல்வார்கள்.

இப்போதும் வெண்கழியில் கோயில் தர்மகர்த்தாவை யவனர் வழக்கப்படி சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள், எவரையும் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார விடுவதில்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் மாமியார் வீட்டில் எதற்கெடுத்தாலும் "எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்று எழுந்து நிற்கிறார்களாம். ஒலிவ எண்ணெய் தீர்ந்த விளக்குகளைப் பெண்கள் கழுவாமலே கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள், அந்த வாசனைக்காக. அந்த ஊர் இருந்த இடத்தில் கடல் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தால் மனம் கனக்கிறது, வேறென்ன சொல்ல.

ஏதென்ஸ் போன பிறகுதான் ஊருக்கு உறைத்தது. யவனர்கள் போனால் சட்டமும் போச்சு, தில்லைநாயகத்தைக் கூப்பிட்டுவிடலாம்! உப்பு லாரி டிரைவர் ஒருவர் ஹூப்ளியில் சர்க்கஸைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு வந்தார். தில்லைநாயகம் என்ன சொன்னார் என்று ஊரே லாரியைச் சூழ்ந்துகொண்டது.

"யவனங்க போனா என்னா, எழுதுனது நீங்கதானன்னாரு. கெடு முடிஞ்சுதான் வருவாராம்."

"வேற?" என்றாள் அஞ்சுகம்.

"வேற ஒண்ணும் சொல்லலக்கா."

அவள் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கெடு முடிந்த மறுநாள் காலை பஸ்ஸில் தில்லைநாயகம் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. தணிகாசலமும் உலகநாதனும் ஒரே மாலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் ஸ்டாண்டில் அஞ்சுகம் கட்டிய குழாய். அவள் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குப் பின்னால் நின்றாள். அவர் மாலையை விலக்கிவிட்டு நேரே வந்து மைக்கைப் பிடித்தார். ஊதிப் பார்க்கவில்லை, தட்டிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். பரவாயில்லன்னு நான் சொல்லுவேன்னு வந்திருக்கீங்க. எனக்குக் கோவம் இருக்கு. நெறைய இருக்கு." மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "தணிகாசலத்துக்குப் பயந்தீங்க, உலகநாதனுக்குப் பாவம் பாத்தீங்க. சரி. எனக்கு வலிக்கும்னு ஒருத்தராச்சும் நெனச்சீங்களா? ஒருத்தராச்சும்? கூடாரத்துல படுத்துக்கிட்டு வருஷக்கணக்கா அதையே யோசிச்சேன்யா. யானைக்கு உடம்பு சரியில்லன்னாக்கூட அங்க சுத்தி நின்னு கேக்குறானுங்க."

மீன்காரக் கிழவி ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு, "நல்லாத் திட்டுய்யா, இன்னும் திட்டு" என்று அழுதாள். அவர் திட்டினார். பெயர் சொல்லித் திட்டினார். பெயர் வந்தவர்கள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு, விடுதலை கிடைத்தவர்களைப் போல மூச்சு விட்டார்கள். எல்லார் பெயரும் வந்தது. அஞ்சுகத்தின் பெயர் வரவில்லை. மைக்கை வைத்துவிட்டு அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். ஊர் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போயிற்று.

அவர் காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் பிசைந்தார், சாப்பிட்டார், உப்பு சரி என்றோ குறைவு என்றோ சொல்லவில்லை. அவளுக்குத் தாங்கவில்லை.

"எம்மேலயும் கோவமா?"

அவர் கையைச் சோற்றில் வைத்தபடி நிமிர்ந்தார். அந்த முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"உம்மேலதான்டீ மொதக் கோவம். ஊருக்கு நான் யாரு? மைக் செட்டுக்காரன். உனக்கு யாரு? நீ எப்படி எழுதுன? அவர்கள்னு மரியாதை வேற!"

"பின்ன, புருஷன் பேரை மொட்டையாவா எழுதுவாங்க?" என்று அவள் வாய் முந்திக்கொண்டது. முந்திக்கொண்டபின் நிற்கவில்லை. "எழுதிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு, எழுதுனேன். ஊர் மொத்தமும் எழுதும்னு நான் கண்டேனா? ஏன், நீங்க மட்டும் என்னா? 'நான் போவல, எம் பொண்டாட்டி தனியா இருப்பா'ன்னு அந்த மைக்குல ஒரு வார்த்தை சொன்னீங்களா? பொருள் இருக்குற எடத்துல இருக்கணுமாம்! நான் பொருளா? பேட்டரியா நானு?"

"கத்தாத, தெரு பூரா நிக்குது."

"நிக்கட்டும்! பத்து வருஷம் பரவாயில்ல பரவாயில்லன்னு சொல்லி எனக்கு நாக்கு செத்துப்போச்சு!"

"எனக்கு மட்டும் இனிச்சுதா?" என்று அவரும் கத்தினார்.

தெருவில் நின்றவர்கள் ஒருவரும் போகவில்லை. தணிகாசலமும் உலகநாதனும் மாலையைப் பிடித்தபடியே நின்றார்கள். எதிர்வீட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ போய் நிறுத்தினார்கள். உள்ளே சண்டை சூடு பிடித்து, பழைய சங்கதிகள், கல்யாணத்தில் குறைந்த சீர், ஒருநாள் சொல்லாமல் போன சினிமா எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அஞ்சுகத்துக்கு எத்தனையோ காலத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. பேசிக்கொண்டே தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.